கலப்பெண் வந்த மத்தியானம்

பிள்ளை படிக்கவில்லையே என்று கவலைப்படுகிற தாய்க்கு ஆறுதல் சொல்ல ஊரில் நிறையப் பேர் உண்டு. பிள்ளை படிக்கிறதே என்று பயந்துபோன தாய்க்கு ஒருவரும் கிடையாது. அப்படி ஒரு பயம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. நான் அந்தப் பயத்தைப் பட்டவள். பட்டதோடு நிற்காமல், எண்ணெய்க் குப்பியோடு ஆளையும் கூட்டி வந்து அதை ஊர் பார்க்க அரங்கேற்றியவள்.

என் மகள் ஷீபா பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. எங்கள் வீடு தூத்துக்குடியில் உப்பளங்கள் தொடங்குகிற ஓரத்தில் இருக்கிறது. மே மாத மத்தியானத்தில் எங்கள் தெருவில் நின்றால் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். உப்பு வெள்ளை, வானம் வெள்ளை, மதில் வெள்ளை. நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடக்கும். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று சட்டென்று நின்றுவிட்டால் ஒரு சத்தமும் இராது. நடுராத்திரிக்குப் பயப்படுகிறவர்கள் எங்கள் பக்கத்து மத்தியானத்தைப் பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன்.

நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். படித்தது எம்.ஏ. தமிழ். (தமிழ் படித்தவளுக்குக் கப்பல் ஆபீஸில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். என் மாமியார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.) என் கணவர் ஆல்வின் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். பெரிய பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வருவார். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தச் சொன்னால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

அந்த விடுமுறையில் ஷீபா அறைக்குள்ளேயே கிடந்தாள். சித்தப்பா கொடுத்த பழைய லேப்டாப், காதில் ஹெட்போன். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி எங்கேயோ பார்ப்பாள். கூப்பிட்டால் நாலாவது கூப்பாட்டுக்குத்தான் திரும்புவாள். இந்த அறிகுறிகளுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எந்தத் தாய்க்கும் தெரியும். யாரோ ஒரு பையன். அவன் பெயர் என்னவாக இருக்கும், அவனுடைய அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்பது வரை நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

ஒருநாள் தலைவலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. கொஞ்சல் இல்லை, சிணுங்கல் இல்லை. யாருக்கோ பாடம் சொல்லுகிற மாதிரி நிதானமான குரல்.

"கலப்பெண்ணுல ஒரு பகுதி மெய், ஒரு பகுதி கற்பனை. அதோட இணையை அதுகூட கூட்டுனா கற்பனை அழிஞ்சிரும். மெய் மட்டுந்தான் மிஞ்சும்."

ஹெட்போனில் யாரோ எதுவோ சொன்னார்கள் போல. பிறகு சிரித்துக்கொண்டே, "ஆமா, ஒரு மெய் இல்ல. ரெண்டு மெய்யா நிக்கும்" என்றாள்.

எனக்குத் தலைவலி போய்விட்டது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

நான் இலக்கணம் படித்தவள் என்பது இங்கேதான் வினையாயிற்று. மரம், பெட்டி இரண்டும் சேர்ந்தால் மரப்பெட்டி. அதேபோலக் கலம், பெண் இரண்டும் சேர்ந்தால் கலப்பெண். கலம் என்றால் கப்பல். கப்பலின் பெண்! மெய் என்றால் உடம்பு. கப்பலில் வருகிற ஒருத்தி, பாதி உடம்பு, பாதி மாயை. துணையைக் கூட்டி வந்து சேர்த்தால் மாயை விலகி இரண்டு உடம்பாக எழுந்து நிற்பாள்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். பெண் என்றால் 'நிற்பாள்' என்றல்லவா பிள்ளை சொல்லியிருக்க வேண்டும், 'நிக்கும்' என்றாளே? எனக்கும் வந்தது. அந்தக் கதவுக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்தபடி நின்று யோசித்தேன். உயிருள்ள பெண் உயர்திணை. பேய் அஃறிணை. ஆகவே 'நிற்கும்' என்பதே சரியான பிரயோகம். பிள்ளை பிழையில்லாமல்தான் பேசுகிறாள். அந்த முடிவுக்கு வந்ததும் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். (இலக்கணம் உயிரைக் காக்கும் என்று எங்கள் பேராசிரியர் சொல்லுவார். எடுக்கும் என்று சொல்லவில்லை.)

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். லேப்டாப் திறந்து கிடந்தது.

திரை முழுக்க நெருப்பு நிறம். நடுவில் ஒரு கருப்பு உருவம். பெருத்த உடம்பு, முன்னால் உருண்டையாகச் சின்னத் தலை, உடம்பைச் சுற்றிலும் மயிரிழை மயிரிழையாக எதுவோ முளைத்து நெருப்புக்குள் நீண்டிருந்தது. கண் இல்லை. இருந்தாலும் என்னைத்தான் பார்க்கிறது என்று தோன்றியது. மூடிவிடலாம் என்று கை நீட்டியபோது விரல் மவுஸில் பட்டுச் சக்கரம் சுழன்றுவிட்டது. படம் என்னை உள்ளே இழுத்தது. மயிரிழைகள் பெரிதாகி விலகின. ஒரு இழையின் நுனியில் ஏதோ புள்ளி. அது வளர்ந்து வளர்ந்து வந்து திரையில் நின்றது.

அதே உருவம். அதே பெருத்த உடம்பு, அதே உருண்டைத் தலை. வாசலில் விட்டுவிட்டு வந்தவள் உள்ளறையில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். "ஏளா, அது யாரு?"

"யாரும்மா?"

"ஒன் கம்ப்யூட்டர்ல. அந்தக் கருப்பு."

"அதுவா?" அவள் முகம் பிரகாசமானது. அந்தப் பிரகாசம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. "கருப்பா இருக்கதெல்லாம் தப்பிக்காதது. வெளிய கலர் கலரா இருக்குல்லா, அது எல்லாம் தப்பிச்சிப் போனது."

"எங்கருந்து தப்பிச்சு?"

"ஒனக்குச் சொன்னா புரியாதும்மா. ரசம் ஊத்து."

நான் ரசம் ஊற்றினேன். தட்டுக்கு வெளியிலும் ஊற்றினேன்.

கணவரிடம் சொன்னேன். "ஏதாச்சும் கேம்ஸா இருக்கும்ளா" என்று பேப்பரைப் புரட்டினார். "கலப்பெண்ணுங்கா" என்றேன். பேப்பர் கீழே இறங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலில் தொழில் செய்கிறவர்களிடம் அவர்கள் கேள்விப்படாத பேய் ஒன்றைச் சொன்னால், கேள்விப்பட்டதில்லை என்று ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"கலப்பெண்ணா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "நீ எங்க கேட்ட? அது பாருக்கு அங்கிட்டுல்லா உண்டும்பாவ."

பார் என்பது முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறை. அந்தக் காலத்தில் முத்துக்குளிக்க முங்கினவர்களில் சிலர் மேலே வராததற்கு அவள்தான் காரணம் என்று பெரிய ஆட்கள் சொல்லுவார்களாம். அதுவரை நான் ஒருத்தியாகச் செய்து வைத்திருந்த பேய்க்கு இவர் ஊர், வேலை, முன்கதை எல்லாம் கொடுத்துவிட்டார். பிற்பாடு விசாரித்ததில், பயந்துபோன மனைவி முன்னால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருக்க வேண்டாமே என்று அந்த நிமிஷமே கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டார். கட்டியதை அவரே நம்பவும் ஆரம்பித்துவிட்டார் என்பதுதான் வினோதம். அன்றிலிருந்து வீட்டில் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டார்.

இதுவரைக்கும் சிரிப்பாக எழுதிவிட்டேன். அடுத்ததைச் சிரிப்பாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனேன். ஷீபாவின் ஜன்னல் அங்கேதான். அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் எல்லாரும் பாக்கும்போது முங்குதேன். விளிம்புல வச்சுதான் முங்கணும், அங்கதான் ஆழம். அடியே கிடையாது, போயிக்கிட்டே இருக்கலாம்." பிறகு, "அம்மாட்ட சொல்லல. சொன்னா மறுபடியும் பயந்துருவா."

ஈரத்துணி கையில் அப்படியே இருந்தது. பேய், கலம், இலக்கணம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கம்ப்யூட்டர் வழியாக யாரோ பிள்ளைகளை ஏவிவிட்டு உயிரை விடச் சொல்கிறார்கள் என்று செய்தியில் வருமே, அது மட்டும்தான் தலைக்குள் நின்றது. வேலிக்கு அப்பால் பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதற்கும் அப்பால் கடல். என் ஒரே பிள்ளை நாளை மத்தியானம் முங்கப் போகிறது.

உள்ளே போய் அவளைக் கட்டிப்பிடித்து, என்னடி பேசுகிறாய் என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் அவள் இன்றைக்கே போய்விடுவாளோ என்று பயம். ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைத்தேன். வாசல் கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். பிறகு ரூபி அக்காவுக்குப் போன் செய்தேன்.

ரூபி அக்கா எங்கள் சபையின் ஜெபக்குழுத் தலைவி. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல். நான் அழுதுகொண்டே சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பிள்ளைட்ட ஒண்ணும் காட்டிக்கிடாத. அது வார நேரத்துலதான் பிடிக்கணும். நானே வாரேன்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் காற்று நின்றுபோயிருந்தது. ரூபி அக்கா வெள்ளைச் சேலையில், கையில் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். கணவர் லீவு போட்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பிள்ளை குதித்துவிடாமல் மறிப்பது அவர் பொறுப்பு. நாங்கள் மூவரும் கதவுக்கு வெளியே நின்றோம்.

உள்ளே ஷீபாவின் குரல். "எல்லாருக்கும் தெரியுதா? சரி. இப்ப முங்குதேன்."

நான் கதவைத் தள்ளினேன்.

அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்தக் கருப்பு உருவம். அது மெதுவாகத் திறந்து எங்களை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. கடல்குதிரை வால் மாதிரி சுருள் சுருளாக எதுவெதுவோ இருபுறமும் விலகிப் போயின. ரூபி அக்கா ஒரு கணம் தடுமாறினார். பிறகு குப்பியைச் சாய்த்துப் பிள்ளையின் உச்சந்தலையில் எண்ணெயை ஊற்றி, மறு கையை நீட்டி முழங்கினார்:

"அசுத்த ஆவியே! வெளியே வா!"

ஷீபா அலறிக்கொண்டு எழுந்தாள். ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. கணவர் ஓடிப் போய் ஜன்னலை மறித்துக் கையை விரித்தார். ரூபி அக்கா இன்னும் ஓங்கி, "வெளியே வா!" என்றார்.

அப்போது லேப்டாப்பிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் மெல்லிய குரல் வந்தது. பயம் இல்லை, கேலி இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுகிற குரல்.

"அது வெளிய வராது ஆன்ட்டி. கருப்புல இருக்கு."

ரூபி அக்கா கையை இறக்கினார்.

"எவ்வளவு நேரம் வச்சிருந்தாலும் வராது. நாங்க செக் பண்ணிட்டோம்" என்றது குரல்.

ஆவியைத் துரத்தி வழக்கமே ஒழிய, ஆவி இருக்கிற இடத்திலிருந்து நிலவர அறிக்கை வந்து ரூபி அக்காவுக்குப் பழக்கமில்லை. "ஆண்டவரே" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் நான் செய்ததை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். திரைக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் கூப்பி, "கலப்பெண்ணே, தாயே, எம் பிள்ளைய விட்டுரு! வேணும்னா என்னைக் கொண்டு போ!" என்று கதறினேன்.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களைக் கவனித்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம். ரெட்டைச் சடைப் பிள்ளைகள், கண்ணாடி போட்ட பிள்ளைகள், சுவரில் காலண்டர் தொங்குகிற வீடுகள். எல்லாரும் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தாடி வைத்த ஒரு இளைஞர்.

"அம்மா," என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு. "அது பெண் இல்லீங்க. எண். கலப்பு எண். கலப்பு... எண். ரெண்டும் சேர்ந்து கலப்பெண். அடுத்த வருஷப் பாடத்துல வருதுங்க."

என் கணவர் ஜன்னலோரத்திலிருந்து, எனக்கு உதவி செய்வதாக நினைத்து, "எங்க வீட்ல எம்.ஏ. தமிழு சார்" என்றார்.

எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் சிரித்தன. நான் லேப்டாப்பை அடித்து மூடினேன்.

ஷீபா அழவில்லை. நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "முங்குதேன்னு சொன்னது கேட்டுச்சா?"

தலையாட்டினேன்.

"கடல்லன்னு நெனச்சியா?"

அதற்கும் தலையாட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். "என்ட்ட கேட்டிருக்கலாம்லா."

"கேட்டேனே. புரியாதுன்னு சொன்ன."

"புரியாதுன்னு சொன்னா விட்டுருவியாம்மா?"

அறைக் கதவு மூடியது. அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. கேட்டில் நான் போட்ட பூட்டையும் அந்த வாரம் நான் எடுக்கவில்லை. உண்மை தெரிந்த பிறகும் பயம் உடனே வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்தால்தான் போகிறது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கதவைத் திறந்து, "வந்து உக்காரு" என்றாள். இன்னொரு நாற்காலி போட்டிருந்தாள். அவர்கள் குழு அவளை மறுபடி செய்து காட்டச் சொல்லியிருந்ததாம். நானும் இருக்க வேண்டும் என்பது அவள் வைத்த நிபந்தனை. கட்டங்களில் இருந்த பிள்ளைகள் "வணக்கம் ஆன்ட்டி" என்றார்கள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகள் பல ஊர்களிலிருந்து கூடிக் கணக்கு பேசுகிற குழு அது. தாடி வைத்தவர் அதை நடத்துகிற சார். பாடப்புத்தகத்துக்கு வெளியே இருக்கிற கணக்கையெல்லாம் காட்டுகிற வலைத்தளங்கள் உண்டாம், ஒன்றைத் திறந்தால் இன்னொன்றுக்கு வழி காட்டுமாம். படமாக அசைத்துப் பார்க்கலாம், வீடியோ பார்க்கலாம், தெரியாததைக் கேட்டால் எங்கிருந்தோ யாராவது பதில் சொல்வார்கள். என் பிள்ளை அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு தன்னந்தனியாக அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். நான் கதவுக்கு வெளியே நின்று சந்தி பிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்காகவே மெதுவாகச் சொன்னாள். ஒரு கலப்பெண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை அதனாலேயே பெருக்கி, எடுத்த எண்ணைக் கூட்ட வேண்டும். வந்த விடையை மறுபடி அதனாலேயே பெருக்கி, மறுபடி அந்த முதல் எண்ணைக் கூட்ட வேண்டும். இப்படியே செய்துகொண்டே போனால் சில எண்கள் எங்கேயோ ஓடிப் போய்விடும், திரும்பவே திரும்பாது. அவற்றுக்கு நிறம் கொடுப்பார்கள். சில எண்கள் எவ்வளவு செய்தாலும் போகாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். அவைதான் கருப்பு. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

"யாரு வரைஞ்சா இத?" என்று கேட்டேன்.

"யாரும் வரையலம்மா. அது இருந்துச்சு. கணக்குப் போட்டுப் பாத்தப்பந்தான் தெரிஞ்சுது."

பேய் என்றால் யாரோ செத்திருக்க வேண்டும், ஒரு காரணம் இருக்க வேண்டும், எண்ணெய்க்கும் ஜெபத்துக்கும் போக வேண்டும். யாரும் செய்யாமல், யாரும் பார்க்கிறதற்கு முன்னாலேயே, வெறும் பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் அடியில் அது நின்றுகொண்டிருந்திருக்கிறது. ரூபி அக்கா இன்றைக்கும் "அங்க ஏதோ இருந்துச்சு எஸ்தரு" என்பார். வெளியில் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் அவரோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை.

ஷீபா முங்கினாள். முங்குவது என்றால் படத்தின் விளிம்பைப் பெரிதாக்கிக்கொண்டே உள்ளே போவதுதானாம். சுருள்கள் விலகின. உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே. ஒரு வெள்ளை இழையின் நடுவில் கருப்பாய்ப் பொட்டு ஒன்று பிறந்து வளர்ந்து வந்து முழுசாக நின்றது. நான் "ஐயோ" என்று கத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கைய விடும்மா," என்றாள் என் மகள், ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்து. "மவுசு."

மவுஸை விட்டேன். அன்று சாயங்காலம் வாசல் கேட்டில் போட்ட பூட்டையும் எடுத்தேன்.

இதெல்லாம் நடந்து இப்போது வருஷங்கள் ஆகிவிட்டன. ஷீபா கல்லூரியில் கணக்குதான் படிக்கிறாள். அவளுடைய சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தால், "எம்.ஏ. தமிழ் ஆன்ட்டி இவங்கதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கமும் நிலைத்துவிட்டது. குளியலறைக்குள் போனவர் சீக்கிரம் வராவிட்டால், வெளியே நிற்கிறவர் கதவைத் தட்டி, ரூபி அக்காவின் குரலில், "வெளியே வா!" என்று முழங்க வேண்டும். உள்ளே இருக்கிறவர் மெல்லிய குரலில், "வராது ஆன்ட்டி, கருப்புல இருக்கு" என்று பதில் சொல்ல வேண்டும். கணவர் முழங்குவார், மகள் பதில் சொல்லுவாள். மகள் முழங்கினால் கணவர் பதில் சொல்லுவார். வந்த விருந்தாளி ஒருவர் உள்ளே இருந்தபோதும் பழக்க தோஷத்தில் முழங்கிவிட, அவர் பாதி சோப்போடு வந்துவிட்டார்.

நானும் முழங்குவதுண்டு. ஆனால் அவர்கள் இருவரும் வெளியே போயிருக்கிற மத்தியானங்களில், காற்று நின்று வெளியெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்போது, குளியலறைக் கதவு தானாகச் சாத்தியிருப்பதைப் பார்த்தால் விளையாட்டுக்குக்கூட அதைத் தட்டமாட்டேன். பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?